காலடியில் கரையும் வடபுலம்

வடதுருவ வட்டாரம் வெப்பமடைவதைப் பற்றிய செய்திகளில் கடற்பனியும் பனியாறுகளுமே முதலிடம் பெறுகின்றன. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கி, செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கிய பிறகு கண்ட மிகக் குறைந்த அளவைத் தொட்டபோது உலகமே அதைக் கவனித்தது; கிரீன்லாந்தின் பனிப்பாளங்கள் கடலில் சரிந்து விழும் காட்சிகளும் பலருக்குப் பழகிப்போயின. ஆனால் சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் கனடாவின் வடபகுதியிலும் வாழும் மக்களின் வீடு, பள்ளி, சாலை, எண்ணெய்க் குழாய், இறைச்சிக் கிடங்கு, இடுகாடு ஆகியவற்றைத் தாங்கி நிற்பது கண்ணுக்குப் புலப்படாத வேறொரு பனி. அது மண்ணுக்குள் இருக்கிறது. அது இளகும்போது முதலில் தெரிவன சிறு மாற்றங்களே: நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்கிறது, கதவு நிலையோடு பொருந்தாமல் போகிறது, சாலை அலையலையாக மடிகிறது, மரங்கள் திசைக்கொன்றாகச் சாய்கின்றன. அதனாலேயே ஆய்வாளர் வட்டத்துக்கு வெளியே அது உரிய கவனத்தைப் பெறவில்லை. சட்டப் புத்தகங்களிலும் அதற்குச் சரியான இடம் கிடைக்கவில்லை.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளேனும் 0 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் ஏறாத நிலத்தை நிலவியலாளர்கள் 'பெர்மாஃபிராஸ்ட்' என்று அழைக்கின்றனர். தமிழில் அதை உறைமண் எனலாம். வட அரைக்கோள நிலப்பரப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடு இத்தகைய உறைமண்ணைக் கொண்டது. ரஷ்யாவின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி உறைமண் வட்டாரத்துக்குள் அடங்குகிறது. வடக்குச் சைபீரியாவின் சில இடங்களில் அது 1,500 மீட்டர் ஆழம்வரை செல்கிறது. இதன் மேற்பரப்பில் கோடைதோறும் இளகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறைகின்ற மெல்லிய படலம் ஒன்று உண்டு. இயங்கு அடுக்கு எனப்படும் அந்தப் படலத்தில்தான் புல்லும் பாசியும் லார்ச் மரங்களின் வேரும் வாழ்கின்றன. அதன் தடிமன் சில இடங்களில் அரை மீட்டர்கூட இராது.

இந்த ஆழத்தை மனிதர் முதன்முதலில் உணர்ந்துகொண்டது ஒரு கிணற்றின் வழியாக. கிழக்குச் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஃபியோதர் ஷெர்கின் என்னும் வணிகர், குடிநீர் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 1820களின் இறுதியில் கிணறு வெட்டத் தொடங்கி, 1837 வரை 116 மீட்டர் ஆழம் தோண்டியும் உறைந்த மண்ணையே கண்டு பணியைக் கைவிட்டார். பின்னர் 1844இல் அங்கு வந்த ஆய்வுப் பயணி அலெக்சாந்தர் மிட்டெண்டார்ஃப் அக்கிணற்றின் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளந்தார். உறைமண் பற்றிய முறையான அறிவியல் அந்த அளவீடுகளிலிருந்துதான் வளர்ந்தது. அதே நகரில் 1960இல் தொடங்கப்பட்ட உறைமண் ஆய்வு நிறுவனம், பாவெல் மெல்னிகோவின் பெயரைத் தாங்கி இன்றும் செயல்படுகிறது.

உறைமண் இளகினால் என்ன நேரும் என்பது அந்த மண்ணில் எவ்வளவு பனிக்கட்டி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உறைந்த கடும்பாறை இளகினாலும் பாறையாகவே நிற்கும். ஆனால் நுண்மணலும் களிமண்ணும் நிறைந்த நிலத்தில் துகள்களைப் பிணைத்து வைத்திருப்பதே பனிக்கட்டிதான். கடலை உருண்டையில் வெல்லப்பாகு செய்யும் வேலையை அங்கே பனி செய்கிறது. பாகு இளகிவிட்டால் உருண்டை உருண்டையாக இருப்பதில்லை. பனியூழிக் காலத்தில் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல், சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் 'யெடோமா' என்னும் பெயரில் பல மீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கிறது. அதன் கொள்ளளவில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு பனிக்கட்டியாகவே இருக்கக்கூடும். அப்படிப்பட்ட நிலத்தின்மேல் வீடு கட்டியவர், உண்மையில் மண் கலந்த பனிக்கட்டியின்மேல்தான் கட்டியிருக்கிறார்.

இவ்வளவு பனி மண்ணுக்குள் எப்படிச் சேர்ந்தது? கடுங்குளிரில் நிலம் சுருங்கி, மேற்பரப்பில் செங்குத்தான மெல்லிய வெடிப்புகள் விழுகின்றன. வசந்தத்தில் உருகிய பனிநீர் அவ்வெடிப்பில் இறங்கி, உறைமண்ணைத் தொட்டதும் மயிரிழை போன்ற பனியிழையாக உறைகிறது. அடுத்த குளிர்காலத்தில் நிலம் அதே பலவீனமான கோட்டில் மீண்டும் வெடிக்க, இன்னோர் இழை சேர்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே தொடரும்போது, மேலே அகன்றும் கீழே கூர்ந்தும் பல மீட்டர் நீளமுள்ள பனி ஆப்புகள் உருவாகின்றன. அவை ஒன்றோடொன்று இணைந்து நிலத்தைப் பலகோணக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு வடக்கின் துந்திரா வெளி முழுவதும் பாளம் பாளமாக வெடித்த ஏரிப்படுகை போலத் தோன்றுவதற்கு இந்த ஆப்புகளே காரணம். ஆப்பு உருகினால் அதன்மேலிருந்த மண் பள்ளமாக அமிழ்கிறது, கட்டத்தின் நடுப்பகுதி மேடாக நிற்கிறது, சமதளமாக இருந்த வயலும் விமானத் தளமும் சில ஆண்டுகளில் மேடும் பள்ளமுமாக மாறிவிடுகின்றன. இவ்வாறு உள்ளிருக்கும் பனி உருகி நிலம் குழிவதைத் தெர்மோகார்ஸ்ட் என்பர்.

1979 முதல் ஆர்க்டிக் வட்டாரம் உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு வேகத்தில் வெப்பமடைந்திருக்கிறது என்று ஃபின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 2022இல் கணக்கிட்டுக் காட்டினர். வெண்பனி போர்த்திய கடற்பனி சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அது அகன்ற இடத்தில் வெளிப்படும் கரிய கடல்நீரோ வந்த ஒளியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உறிஞ்சிக்கொண்டு, இலையுதிர் காலத்தில் அந்த வெப்பத்தைக் காற்றுக்குத் திருப்பித் தருகிறது. இந்தச் சுழற்சி ஒரு முக்கியக் காரணம், ஒரே காரணமன்று. 2020 ஜூன் 20 அன்று சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில் 38 டிகிரி செல்சியஸ் பதிவானதையும், அதே ஊரில் 1892ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மைனஸ் 67.8 டிகிரி பதிவாகியிருந்ததையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தால், அந்த நிலம் எத்தகைய ஏற்றத்தாழ்வுகளைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

எனினும் உறைமண்ணின் விதியைக் காற்றின் வெப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. வெண்பனி ஒரு வெப்பம் கடத்தாப் பொருள். குளிர்காலத் தொடக்கத்திலேயே தடித்த பனி பொழிந்து மூடிக்கொண்டால், நிலத்தின் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, மண் போதிய அளவு குளிராமல் போகிறது. அதிகப் பனிப்பொழிவு நிலத்தைச் சூடாக்குகிறது என்ற இந்த உண்மை முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். மறுபுறம், கோடையில் பாசிப் படலமும் கரிமண்ணும் வெயிலைத் தடுத்து உறைமண்ணைக் காக்கின்றன. காட்டுத்தீயோ புல்டோசரோ அந்தப் படலத்தை அகற்றிவிட்டால் இளகல் விரைவுபடுகிறது. அளப்பதிலும் ஓர் இடர் உண்டு. பனிக்கட்டி நீராக மாறும்போது, வெப்பநிலை ஏறாமலேயே பெருமளவு வெப்பத்தை விழுங்கிக்கொள்கிறது. இதை உள்ளுறை வெப்பம் என்பர். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பம், அதே அளவு நீரை 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரிவரை சூடாக்கப் போதுமானது. ஆகவே 0 டிகிரிக்கு அருகில் இருக்கும் உறைமண்ணில் இறக்கிய வெப்பமானி ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கலாம். ஆனால் உள்ளே பனி கரைந்துகொண்டேயிருக்கும்.

வெர்கோயான்ஸ்குக்கு அருகிலுள்ள பத்தகாய் என்னும் சிற்றூரையொட்டி, 1960களில் காட்டை வெட்டித் திறந்த ஒரு மலைச்சரிவு மெல்ல அரித்து, இன்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமும் 50 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள செங்குத்துச் சுவரும் கொண்ட பெரும் சரிவுக்குழியாக விரிந்து கிடக்கிறது. வெயில் படும் அந்தச் சுவர் ஆண்டுதோறும் பல மீட்டர் பின்வாங்குகிறது. அதிலிருந்து பனியூழிக்கால விலங்குகளின் உடல்கள் தோலும் மயிரும் கலையாமல் வெளிப்பட்டிருக்கின்றன. நிலம் குழிவது எப்போதும் கேடாகவே முடியும் என்றும் சொல்வதற்கில்லை. அப்பகுதியில் வாழும் சகா மக்கள் குதிரையும் மாடும் மேய்க்கும் 'அலாஸ்' எனப்படும் வட்டமான புல்வெளிகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இதே தெர்மோகார்ஸ்ட் முறையில் அமிழ்ந்து, ஏரியாகி, ஏரி சுருங்கி, புல் முளைத்து உருவானவையே. பல தலைமுறைகளாக நடந்த மாற்றம் ஒரு தலைமுறைக்குள் நடப்பதும், புல் முளைக்கும் முன்பே மேய்ச்சல் நிலம் சேறாகிவிடுவதும்தான் இப்போதைய துயரம்.

உறைமண்ணின் கரியிருப்பைப் பற்றி உலகம் கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. வடபுல உறைமண் வட்டாரத்தின் மண்ணில் 1,46,000 கோடி முதல் 1,60,000 கோடி டன்வரை கரிமக் கார்பன் உறைந்திருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இது வளிமண்டலத்தில் உள்ள கார்பனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மட்காமல் கிடந்த வேரும் இலையும் விலங்கெச்சமும் இளகியதும் நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைக்கத் தொடங்குகின்றன: காற்றுப் படும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடும், நீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் மீத்தேனும் வெளியாகின்றன. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழக அறிவியலாளர் கேட்டி வால்டர் அந்தோணி இதை ஏரிகளில் நேரடியாகக் காட்டியிருக்கிறார். குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி உறையும்போது அடியிலிருந்து எழும் குமிழிகள் பனிக்கட்டிக்குள் வெள்ளை வட்டத் தட்டுகளாக அடுக்கடுக்காகச் சிக்கிக்கொள்கின்றன. அங்கே துளையிட்டு நெருப்பைக் காட்டினால் மீத்தேன் ஆளுயரத்துக்கு எரிகிறது. இத்தகைய காட்சிகளால் உறைமண்ணை வெடிகுண்டு என்று வருணிக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஆய்வுகள் சுட்டுவது ஒரே நாளில் நிகழும் வெடிப்பையன்று, நூற்றாண்டுகளுக்கு நீளும் நிற்காத கசிவையே, அதுவும் அற்பமானதன்று. காட்டுத்தீயின் உமிழ்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆர்க்டிக் துந்திரா கார்பனைச் சேமிக்கும் நிலையிலிருந்து வெளியிடும் நிலைக்கு மாறிவிட்டது என்று அமெரிக்காவின் தேசியக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் 2024ஆம் ஆண்டின் ஆர்க்டிக் அறிக்கையில் தெரிவித்தது.

பொறியாளர்கள் உறைமண்ணை நம்பியே வடக்கில் நகரங்களை எழுப்பினர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் யாகுட்ஸ்கில் அடுக்குமாடிகள், உறைமண்ணுக்குள் ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூண்களின்மேல், தரையைத் தொடாமல் நிற்கின்றன. கட்டடத்தின் வெப்பம் மண்ணை எட்டாமல் குளிர்காற்று அடியில் புகுந்து வெளியேறுவதற்கே அந்த இடைவெளி. 1970களில் கட்டப்பட்ட அலாஸ்கா எண்ணெய்க் குழாய், தன் 1,300 கிலோமீட்டர் நீளத்தில் பாதிக்கும் மேல் தூண்களில் உயர்த்தப்பட்டிருக்கிறது. அத்தூண்களில் பொருத்திய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வெப்பக் குழாய்களுக்குள் அம்மோனியா ஆவியாகி மேலேறி, குளிர்ந்து திரவமாகிக் கீழிறங்கி, குளிர்காலம் முழுவதும் மண்ணின் வெப்பத்தை வெளியே கடத்துகிறது. மின்சாரமும் எந்திரமும் வேண்டாத மேலான ஏற்பாடு இது; ஆனால் வெளிக்காற்று மண்ணைவிடக் குளிர்ந்திருக்கும்வரைதான் இது வேலை செய்யும். 2020 மே 29 அன்று ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் அனல்மின் நிலையத்தின் டீசல் தொட்டி ஒன்று தாங்குதூண்கள் அமிழ்ந்ததால் உடைந்து, 21,000 டன் டீசல் மண்ணிலும் ஆறுகளிலும் பாய்ந்தது. உறைமண் இளகியதே காரணம் என்று முதலில் கூறப்பட்டாலும், கட்டுமானக் குறைபாடுகளும் பராமரிப்பின்மையும் பின்னர் அரசு விசாரணையில் வெளிவந்தன. வெப்பமாற்றத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு அலட்சியத்தை மறைக்கும் போக்கு வடக்கில் இனிமேல் அடிக்கடி தலைகாட்டும் என்பதால் இதைக் குறித்துவைப்பது தேவை.

பழங்குடி மக்கள் உறைமண்ணை வேறு வகையில் பயன்படுத்தினர். அலாஸ்காவின் வடமுனையில் உள்ள உட்கியாக்விக்கில் இனுப்பியாக் மக்கள் வீட்டருகே உறைமண்ணைக் குடைந்து, மர ஏணி வழியே இறங்கும் நிலவறைகளை அமைத்து, வேட்டையாடிய வில்தலைத் திமிங்கிலத்தின் இறைச்சியை அடுத்த விழாக்காலம்வரை அங்கே வைத்திருப்பர். சகா மக்களோ இலையுதிர் காலத்தில் ஏரியின் பனிக்கட்டியைப் பாளங்களாக வெட்டி வைத்து, அதை உருக்கியே குடிநீராகக் கொள்வர். மிஞ்சியதைக் கோடைக்காக இத்தகைய நிலவறைகளில் பாதுகாப்பர். இப்போது பல நிலவறைகளில் நீர் புகுகிறது, சுவர் இடிகிறது, இறைச்சி கெடுகிறது. மின் உறைபெட்டி வாங்கலாம் என்பது எளிய பதில். பல டன் எடையுள்ள வேட்டையை ஊரார் அனைவரும் பகிர்ந்துண்ணும் மரபுக்கு அது ஈடாகாது.

கலைமான் மேய்ப்போரின் நிலை இன்னும் கடினமானது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் பனியின்மேல் மழை பெய்து, பின்பு கடுங்குளிரில் அது கண்ணாடிப் பாளமாக இறுகிவிட்டது. அடியிலுள்ள தாவரத்தைக் குளம்பால் கிளறி உண்ண முடியாமல் ஏறத்தாழ 61,000 கலைமான்கள் பட்டினியால் மாண்டன. அங்கே கலைமான் மேய்க்கும் நெனெத்ஸ் குடும்பங்கள் பல ஒரே குளிர்காலத்தில் வண்டியிழுக்கும் மானையும் உணவையும் உடையையும் கூடாரத் தோலையும் இழந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 கோடையின் கடும் வெப்பத்தில் அதே யமாலில் ஆந்த்ராக்ஸ் நோய் பரவி, 2,000க்கும் மேற்பட்ட கலைமான்களும் 12 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தனர். 1941க்குப் பிறகு அங்கே காணப்படாத நோய் அது. பழைய விலங்குச் சடலங்களில் இருந்த நுண்ணுயிர் வித்துகள் ஆழமாக இளகிய மண்ணிலிருந்து வெளிப்பட்டன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கலைமான்களுக்கான தடுப்பூசித் திட்டம் 2007இல் நிறுத்தப்பட்டிருந்ததும் சேதத்தைப் பெருக்கியது.

ஓர் ஊரே எப்படிக் கரைகிறது என்பதற்கு அலாஸ்காவின் மேற்குக் கரையிலிருந்த நியூட்டோக்கைவிடத் தெளிவான சான்று கிடையாது. யூகான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில் வாழும் யுபிக் மக்கள், மீனும் கடல்நாயும் பறவையும் கிடைக்கும் பருவத்துக்கேற்ப இடம்மாறி வாழ்ந்தவர்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டும்பொருட்டு அரசு அவர்களை ஒரே இடத்தில் குடியமர்த்தியது; பள்ளிக்கான கட்டுமானப் பொருள்களை ஏற்றிய படகு எதுவரை செல்ல முடிந்ததோ அந்த இடமே ஊராயிற்று. நிங்லிக் ஆற்றங்கரையின் தாழ்ந்த, பனி நிறைந்த மண் அது. ஆற்றுநீர் கரையின் அடிப்பகுதியைத் தொட்டு உருக்க, அடியில் குடைவு விழுந்து மேலிருக்கும் துந்திரா முழுப் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது; கரை ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 20 மீட்டர் பின்வாங்கியது. உறைமண் இளகலும் வெள்ளமும் அரிப்பும் ஒருசேர நிலத்தைத் தகர்க்கும் இந்நிகழ்வை யுபிக் மக்கள் 'உஸ்தெக்' என்பர். 1996இல் நிங்லிக், ஊரை ஒட்டி ஓடிய சிற்றாற்றை விழுங்கியபின், கழிவை அடித்துச் சென்ற நீரோட்டம் நின்று ஊர் அசுத்தத்தின் நடுவே வாழ வேண்டியதாயிற்று.

ஊர் மக்கள் 1990களிலேயே இடம்பெயர முடிவெடுத்து, ஆற்றுக்கு அப்பால் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் நெல்சன் தீவின் பாறை நிலத்தில் மெர்ட்டார்விக் என்னும் இடத்தைத் தேர்ந்தனர். 2003இல் நிலப் பரிமாற்றத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. ஆனால் முதல் குடும்பங்கள் புதுவீடு புகுந்தது 2019இல்; கடைசிக் குடும்பங்கள் வந்துசேர்ந்தது 2024இல். ஏறத்தாழ 350 பேர் கொண்ட ஊருக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்ததன் காரணம் பணப் பற்றாக்குறை மட்டுமன்று. அமெரிக்கப் பேரிடர் நிவாரணச் சட்டம் புயல், நிலநடுக்கம் போன்று குறிப்பிட்ட நாளில் நிகழும் நிகழ்வுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது; ஆண்டுக்கணக்கில் கரையும் நிலம் அதன் வரையறைக்குள் அடங்காததால், ஊரின் பேரிடர் அறிவிப்புக் கோரிக்கை 2017 தொடக்கத்தில் நிராகரிக்கப்பட்டது. ஓரிடத்தில் நிலைத்து வாழும்படி செய்த அரசு, அந்த இடம் நிலைக்காமல் போனபோது கால் நூற்றாண்டு காலம் துறை துறையாக விண்ணப்பம் எழுத வைத்தது. இதை அநீதி என்று சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை.

2025 அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் எச்சம் அதே கழிமுகத்தைத் தாக்கியபோது, கிப்னக், குவிகில்லிங்கோக் ஆகிய ஊர்களில் வீடுகள் அடித்தளத்திலிருந்து பெயர்ந்து மிதந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விமானங்களில் ஏற்றிச் செல்லப்பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தங்கவைக்கப்பட்டனர். உறைமண் இளகித் தாழ்ந்த நிலத்தில் கடல்நீர் முன்னைவிட உள்ளே வரும் என்பதை அப்பகுதி மக்கள் நெடுநாளாகவே சொல்லிவந்தனர்.

இந்த மாற்றங்களை அளக்கும் பணியில் இந்தியாவுக்கும் சிறு பங்கு உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008 முதல் இயங்கும் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையமும், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் அறிவியலாளர்கள் பங்குகொண்டு வடிவமைத்து 2014இல் அங்கேயுள்ள காங்ஸ் கடற்கழியில் இறக்கிய 'இந்தார்க்' கருவித் தொகுதியும் அதற்குச் சான்று. ஆனால் உறைமண்ணின் பெரும்பகுதி ரஷ்யாவில் இருக்கிறது. 2022இல் உக்ரைன் போர் மூண்டபின் அந்நாட்டு ஆய்வு நிலையங்களோடு மேலைநாட்டு அறிவியலாளர்கள் கொண்டிருந்த தொடர்பு பெரிதும் அறுந்துவிட்டது. பாதி நிலத்தின் அளவீடுகள் இல்லாமல் முழு வட்டாரத்தின் எதிர்காலத்தைக் கணிப்பது இடரானது என்பதால், அரசியல் பகை நீடித்தாலும் வெப்பமானிகளின் பதிவுகளையேனும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உடனடித் தேவை.

உலக வெப்பம் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும், மேற்பரப்பிலிருந்து 3 மீட்டர் ஆழத்துக்குள் உள்ள உறைமண்ணின் கொள்ளளவு ஏறத்தாழ 25 விழுக்காடு குறையும் என்று பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021இல் மதிப்பிட்டது. பல்லாயிரம் ஆண்டுகளில் வளர்ந்த பனி ஆப்பை எந்தத் தொழில்நுட்பமும் திரும்ப வைக்காது. உமிழ்வைக் குறைப்பது ஒன்றே எஞ்சியதைக் காக்கும் வழி. அலாஸ்காவில் மட்டும் 70க்கும் மேற்பட்ட பழங்குடி ஊர்கள் அரிப்பாலும் வெள்ளத்தாலும் உறைமண் இளகலாலும் கடுமையான ஆபத்தில் இருப்பதாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2022இல் கூறியது. அவற்றில் ஒவ்வொன்றும் நியூட்டோக்கைப்போல் கால் நூற்றாண்டு காத்திருக்க முடியாது; மெல்லக் கரையும் நிலத்தையும் பேரிடராக ஏற்கும்படி நிவாரணச் சட்டம் இப்போதே திருத்தப்பட வேண்டும்.